மைதா சேராத மாவு

1

"சப்பாத்தி, நான் ரொட்டி இதையெல்லாம் விடுவது உங்களுக்குக் கஷ்டம்தான். எனக்குப் புரிகிறது" என்றாள் ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர். சிரித்த முகம், கனிவான குரல். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது.

எங்கள் வீட்டில் சப்பாத்தி என்பதே வாரத்தில் ஒரு நாள் பேச்சாக இருந்தது, அதையும் நிறுத்தி ஒரு வருடமாகிறது தாயே, நாங்கள் சோறு தின்கிறவர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். என் ஆங்கிலத்துக்கு ஒரு குணம் உண்டு. கோபம் வந்தால் அது என்னை விட்டுவிட்டு ஓடிவிடும். "வீ ஆர் ரைஸ்" என்று மட்டும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் ஷாலினி, தரையைப் பார்த்தபடியே, "நாங்கள் அரிசி சாப்பிடுகிறவர்கள் என்று சொல்ல வருகிறார்" என்று அவளுடைய சுத்தமான ஆங்கிலத்தில் திருத்தினாள். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு ஏதோ தட்டச்சு செய்துகொண்டாள். என்ன தட்டியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். வீட்டார் ஒத்துழைப்புப் போதாது.

ஷாலினிக்குப் பதின்மூன்று வயது. அவளுக்குச் சீலியாக் நோய் என்று கண்டுபிடித்து இந்த மாதத்தோடு ஒரு வருடம். கோதுமையிலும் பார்லியிலும் குளுட்டன் என்று ஒரு பசை இருக்கிறது. மாவைப் பிசைந்தால் இழுபடுகிறதே, அந்தப் பசை. அது அவள் குடலுக்கு ஆகாது. சர்க்கரைக்காரர்கள் இனிப்பைக் குறைத்துக்கொள்வது போலக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிற சங்கதி இல்லை இது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும். மருந்து கிடையாது, தின்னாமல் இருப்பதுதான் மருந்து. ஆனால் ஒரு வருடம் தின்னாமல் இருந்தும் வயிறு உப்புகிறது, பிள்ளை எடை ஏறவில்லை, ரத்தப் பரிசோதனையில் இறங்க வேண்டிய எண் இறங்கவில்லை. வீட்டில் யாரோ விதியை மீறுகிறார்கள் என்பது ஆலோசகரின் தீர்ப்பு. வீட்டில் சமைப்பது நான். ஆகவே அந்த யாரோ நான்தான்.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். மனைவி கோகிலா எலப்புள்ளிக்காரி, நர்ஸ். இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் இந்த ஊருக்கு வேலை கிடைத்து வந்தது அவள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவன் நான். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் உதவியாளாக இருக்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற கடிதமெல்லாம் 'அன்புள்ள அம்மா' என்றுதான் தொடங்கும். குற்றம் என்று வரும்போது மட்டும் எல்லோருக்கும் அப்பா ஞாபகத்துக்கு வந்துவிடுகிறார்.

எனக்கு இந்தக் கனிவான குரல் புதிதில்லை. தேவிகுளம் தாலுகா ஆபீசில் சாதிச் சான்றுக்காக என் அம்மாவோடு போய் நின்றபோதெல்லாம் அதைக் கேட்டிருக்கிறேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாத மலையாளத்தில் யாரோ எழுதிக் கொடுத்த அபேட்சை மனுவை நீட்டுவாள். குமாஸ்தா தலை நிமிராமல், "நிங்ஙளுடே நாடு எவிடெயா?" என்பார். உங்கள் ஊர் எது என்று. அம்மா பிறந்தது அந்த ஆபீசிலிருந்து கூப்பிடு தூரத்தில். "இங்கனதான் சார்" என்பாள். "அது சரி, தமிழ்நாட்டில் எவிடெ?" என்பார் மறுபடியும், ரொம்பப் பொறுமையாக. நாம் யார், எங்கிருந்து வந்தோம், என்ன தின்கிறோம் என்பதெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். நாம் போவது கையெழுத்துப் போட மட்டும்தான்.

2

விதியை மீறுகிறேனாம். நான் என்னென்ன செய்தேன் என்று சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நோய் என்று தெரிந்த வாரமே மைதா, ரவை, கோதுமை மாவு, சேமியா எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கோகிலாவின் தோழி வீட்டில் கொடுத்தேன். பழைய தோசைக்கல், சல்லடை, பூரிக்கட்டை, மரக்கரண்டி எல்லாம் போயின. எல்லாம் புதிதாக வாங்கினேன். முதியோர் இல்லத்தில் நாளெல்லாம் கோதுமை மாவோடு புழங்குகிறேன் என்பதால், சாவு வீட்டிலிருந்து திரும்பியவன் மாதிரி கொல்லைக் கதவு வழியாக நுழைந்து, உடுப்பை அங்கேயே கழற்றிப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் பிள்ளையின் பக்கத்தில் போவேன். இந்தக் குளிரில். சோயா சாஸில் கோதுமை இருக்கிறது, சாக்லேட்டில் பார்லி இருக்கிறது என்று ஆலோசகர் கொடுத்த தாளை எழுத்து விடாமல் படித்தேன். தன் ஊருக்குப் பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் பீர் கம்பெனியைப் பார்த்து வளர்ந்த கோகிலா, பீரில் கூட அது உண்டு என்று படித்துவிட்டு, "நல்லவேளைங்க, அவளுக்கு அந்தக் கவலை இன்னும் வரலே" என்றாள். சிரித்தோம். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

பிறகு ஷாலினி நான் சமைத்ததைச் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

சண்டை போட்டு நிறுத்தவில்லை. முதலில் சாம்பார் வேண்டாம் என்றாள், பிறகு ரசம், பிறகு பொரியல். கடையில் விற்கும் குளுட்டன் இல்லாத ரொட்டி, அதற்குள் கடையில் விற்கும் ஏதோ ஒன்று, இதுதான் மூன்று வேளையும். அந்த ரொட்டியை நீங்கள் பார்க்க வேண்டும். கையில் எடுத்தால் உதிரும், வாயில் போட்டால் ஒட்டும். நான் ஆவி பறக்கச் சோறு வடித்து வைத்திருக்க, பிள்ளை அந்த உதிரலைப் பொறுக்கித் தின்றுகொண்டிருக்கும்.

"ஏம்மா, இது எல்லாம் அரிசிதானே, உனக்காகத்தானே பார்த்துப் பார்த்துச் செய்றேன்" என்று ஒரு நாள் கேட்டேன்.

அவள் ரொட்டிப் பொட்டலத்தைத் திருப்பிக் காட்டினாள். "இதுல என்ன இருக்குன்னு எழுதியிருக்குப்பா. உங்க சாப்பாட்டுல எழுதலையே."

எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. ஆலோசகர் மேல், அவள் தாளின் மேல், இந்த ஊரின் மேல். பிள்ளை மேல் கோபப்பட முடியுமா? அவள் வயிறுதானே வலிக்கிறது. ஆனால் வீட்டில் யாரோ மீறுகிறார்கள் என்று அந்த ஆஸ்பத்திரிப் பெண் கனிவாகச் சொன்ன ஒரு வாக்கியம் என் மகள் மனதில் போய் உட்கார்ந்துவிட்டது. தன் அப்பாவின் கை சுத்தமில்லை என்று என் பிள்ளை நம்பத் தொடங்கிவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

3

அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து 'பை' விற்பனைக்கு அறிவிப்பு வந்தது.

பை என்றால் தூக்குப்பை இல்லை. மாவைக் கிண்ணம் போல அமைத்து, உள்ளே கறியோ கிழங்கோ பழமோ வைத்து, மேலே இன்னொரு மாவுத் தகட்டால் மூடிச் சுட்டெடுப்பது. இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு அது உயிர். வருடத்துக்கு ஒரு முறை பிள்ளைகள் வீட்டிலிருந்து பை கொண்டுபோய் ஏதாவது ஒரு தர்ம காரியத்துக்காக விற்பார்கள், வாங்கித் தின்பார்கள். போன வருடம் ஷாலினியை ஒரு ஓரத்தில் தனி மேசையில் உட்காரவைத்து, முன்னால் ஒரு ஆப்பிளை வைத்துவிட்டார்கள். வகுப்பே கூட்டமாகத் தின்றுகொண்டிருக்க, என் பிள்ளை ஆப்பிளோடு தனியாக. மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன். பிள்ளைகளைத் தனியாக உட்காரவைப்பது என்றால் எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா என்று கேட்டேன். அவர்களுக்குத் தெரியவில்லை. "அவளுடைய பாதுகாப்புக்காக" என்றார்கள். ஷாலினி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இந்த வருடம் அவள் கையில் பை இருக்கும் என்று முடிவு செய்தேன். அதுவும் வீட்டுப் பை. முதலில் வீட்டில் ஒத்திகை.

பை மாவு எனக்குத் தெரியாததில்லை. முதியோர் இல்லத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் அதுதான் என் வேலை. குளிர்ந்த வெண்ணெயை மாவோடு விரல் நுனியால் தேய்த்து, ரவை போல ஆனதும் தண்ணீர் தெளித்துச் சேர்க்க வேண்டும். அதற்கும் முன்னால், மூணாறு பேக்கரிகளில் முட்டை பப்ஸ் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். கடித்தால் சட்டையெல்லாம் பொருக்கு உதிரும். அதுவும் இதன் ஒன்றுவிட்ட உறவுதான். ஏழு வயதில் ஊருக்கு வந்தபோது ஷாலினி பேக்கரிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றவள். பரோட்டா, பப்ஸ், பன், கேக் என்று மலையே மைதாவில்தான் நடக்கிறது. ஆஸ்பத்திரிக்காரி சப்பாத்தியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாளே தவிர, மைதாவைப் பற்றிக் கேட்டிருந்தால் நானே ஒப்புக்கொண்டிருப்பேன்.

மைதா இல்லாமல் பை மாவு செய்வது இருக்கிறதே, அது வேறு கதை. அரிசி மாவும் உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சும் வாங்கினேன், குளுட்டன் இல்லை என்று முத்திரை போட்ட பொட்டலங்கள். வெண்ணெய் சேர்த்துப் பிசைந்தேன். உருட்டினால் பூசாரி கையிலிருந்து விபூதி கொட்டுவது போலக் கொட்டுகிறது. தேய்த்தால் வயல் வெடித்தது மாதிரி வெடிக்கிறது. தூக்கினால் கையில் ஒரு துண்டு, பலகையில் ஒரு துண்டு. ஒட்டுவதற்கு இசப்கோல் சேர்க்கலாம் என்று படித்தேன். ஆமாம், நம் ஊரில் மலச்சிக்கலுக்குக் குடிக்கிற அதே உமிதான். சேர்த்தேன். கொஞ்சம் தேவலை. ஆனாலும் கிண்ணத்தின் விளிம்பில் மடிக்கும்போது விட்டுப்போனது.

மூன்றாவது தடவை மாவைக் குப்பையில் போடும்போதுதான், அரிசி மாவைப் போய் மைதா மாதிரி நடத்திக்கொண்டிருக்கிறேனே என்று உறைத்தது. கொழுக்கட்டைக்கு யாராவது பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பிசைவார்களா? பாதி மாவை எடுத்து, உப்புப் போட்டுத் தளதளவென்று கொதித்த தண்ணீரை ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி மூடிவைத்தேன். ஆறியதும் மீதி மாவு, வெண்ணெய், ஒரு முட்டை, இசப்கோல் சேர்த்துப் பிசைந்து குளிரில் வைத்தேன். இரண்டு எண்ணெய்த் தாளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன். மாவு எழுந்து வந்தது. அங்கங்கே கீறல் விட்ட இடத்தை ஈர விரலால் தடவியதும் சேர்ந்துகொண்டது. நான் சமையலறையில் தனியாக நின்று, "இப்ப என்னலே சொல்லுத?" என்று அந்த மாவைக் கேட்டேன்.

உள்ளே உருளைக்கிழங்கும் பட்டாணியும் வைத்த மசாலா. இரண்டும் வாயு என்பதால் பெருங்காயம் தாராளமாகப் போட்டேன்.

4

ஷாலினி மேசைக்கு வந்தாள். பொன்னிறமாக விளிம்பு மடித்த பை. பொட்டலங்களை எல்லாம் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருந்தேன், படித்துப் பார்க்கட்டும் என்று. படித்தாள். பிறகு ஒரு துண்டு, பிறகு இன்னொரு துண்டு. "க்ரஸ்ட் நல்லாயிருக்குப்பா" என்றாள். எத்தனை மாதம் கழித்து என் கையால் சாப்பிட்டாள் தெரியுமா? பாத்திரம் கழுவுகிற சாக்கில் நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

கோகிலா பணி முடிந்து வந்து பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். "ஏனுங்க, பொய் சொல்லாம சொல்லுங்க. அதுல வேற என்ன போட்டீங்க?"

"உனக்குமா சந்தேகம்?" என்றேன். "நீயும் அந்தப் பொம்பளை மாதிரியே கேக்கியே."

"கேக்காம என்ன பண்றதுங்க? புள்ள அங்க சுருண்டு கெடக்கறா."

மோர் கடைந்தேன். வயிற்று வலி என்றால் எங்கள் வீட்டில் வேறு என்ன செய்வோம்? மோரில் பெருங்காயத்தைக் கரைத்துக் கொடுப்போம். கைக்குழந்தையாக இருந்தபோது அவள் வீறிட்டு அழுதால் அதையே குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவியிருக்கிறேன். இந்த ஒரு வருடமும், வயிறு உப்பிய ஒவ்வொரு தடவையும், சோற்றைத் தள்ளினாலும் இந்த மோரை மட்டும் அவள் தள்ளியதில்லை. அது சாப்பாடு இல்லை, மருந்து.

டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு ஷாலினி சமையலறைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. முந்தின நாள் பொட்டலங்களை மறுபடியும் ஒவ்வொன்றாக எடுத்தாள். அரிசி மாவு. ஸ்டார்ச். இசப்கோல். வெண்ணெய். மஞ்சள் தூள். மிளகாய்த் தூள். எல்லாவற்றிலும் எழுத்து இருந்தது. கடைசியில் அடுப்புப் பக்கத்திலிருந்த சின்னத் தகர டப்பா. என் அக்கா வள்ளி, ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும் யாராவது நர்ஸ் பெண்ணிடம் கொடுத்தனுப்புவது. தேவிகுளம் கடைவீதியில் அண்ணாச்சி உடைத்து நிறுத்துத் தருகிற கட்டிப் பெருங்காயம்.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் பார்த்தாள்.

"இதுல எழுத்தே இல்லியேப்பா."

"அது பெருங்காயம்மா. மரத்துப் பால். அதுல என்ன இருக்கப்போகுது" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் மற்றக் கையில் மோர் டம்ளர். நான் அதை வாங்கித் தொட்டியில் கொட்டினேன்.

அக்காவுக்குப் போன் போட்டேன். கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் லயத்துக்கு வந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும், "இரு தம்பி, கடைக்குப் போய்க் கேட்டுட்டு வாரேன்" என்றாள். நான் போனைக் கீழே வைக்காமல் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவளே திரும்பக் கூப்பிட்டாள்.

"என்னக்கா சொல்லுதாரு?"

"சிரிக்காருலே. மைதா போடாம பெருங்காயம் எப்படி கட்டியா நிக்கும்ங்காரு. எல்லாக் கம்பெனியும் அப்படித்தானாம். சுத்தப் பாலு தனியா வருமாம், வீட்டுக்கு யாரும் வாங்க மாட்டாவளாம்." பிறகு, "நான் அனுப்புனதாலயா புள்ளைக்கு இப்படி ஆச்சு?" என்றாள்.

"உனக்கென்னக்கா தெரியும்" என்றேன். எனக்கென்ன தெரியும் என்றும் சேர்த்துச் சொல்லிக்கொண்டேன். ஆனால் மனம் ஆறவில்லை. ஒரு வருடம். வலிக்கிறது என்று பிள்ளை அழுதபோதெல்லாம் வலியைக் கரைத்து வாயில் ஊற்றியிருக்கிறேன்.

5

எனக்கு யார் மேல் கோபம் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். இந்த முறை சொல்ல வேண்டியதை முன்னாலேயே எழுதிவைத்துக்கொண்டு, கோபம் வந்தாலும் ஓடாதபடி வாசித்தேன். நம் நாட்டுக் குடும்பங்கள் எத்தனை இந்த ஊரில் இருக்கின்றன, எத்தனை வீட்டில் பெருங்காயம் இருக்கிறது, பீரை எழுதிய தாளில் இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"மிகவும் பயனுள்ள தகவல்" என்றாள் அந்தப் பெண். "மேலே தெரியப்படுத்துகிறேன். இனி முத்திரை இல்லாத வீட்டு மருந்துகளைத் தவிர்த்துவிடுங்கள்." பத்து நாள் கழித்து வந்த கடிதத்தில், பெற்றோர் கலப்படமான நாட்டு மருந்தைத் தொடர்ந்து கொடுத்துவந்தது தெரியவந்துள்ளது என்று இருந்தது. கண்டுபிடித்தது யார் என்று இல்லை. தாளில் சேர்ப்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. சப்பாத்தி என்று ஒரு வருடம் எங்களை அலைக்கழித்ததற்கு ஒரு மன்னிப்பு இல்லை. கோகிலா அந்தக் கடிதத்தை மடித்து, "விடுங்க, புள்ளைக்கு வயிறு அடங்கிருச்சு" என்றாள். அடங்கியிருந்தது உண்மைதான். கன்னத்தில் கொஞ்சம் சதை கூட வந்தது. அவளால் விட முடிந்தது. நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் ஷாலினி என் சமையலுக்குத் திரும்பவில்லை. மரியாதையாக, "அப்புறம் பாக்கலாம்ப்பா" என்பாள். காரணம் கிடைத்துவிட்டது, டப்பா குப்பைக்குப் போய்விட்டது. ஆனால் பயம் அவள் வயிற்றில் தங்கிவிட்டது.

6

பை விற்பனைக்கு நான் ஒரு தட்டு நிறையச் செய்தேன். உள்ளங்கை அளவில் சின்னச் சின்னப் பைகள். அதே மாவு, அதே மசாலா, பெருங்காயத்துக்குப் பதில் இஞ்சி. ஷாலினி அடுப்படி வாசலில் நின்று, நான் கை கழுவுவதிலிருந்து விளிம்பு மடிப்பது வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். காவலுக்கு நிற்கிறாள் என்று எனக்குள் பொங்கியது.

காலையில் தட்டோடு நானே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். போன வருடம் எந்த ஆசிரியையிடம் தனி மேசை கூடாது என்று சத்தம் போட்டேனோ, அவரிடமே போய், "இவளுக்குத் தனி மேசை வேண்டும்" என்று கேட்டேன். ஒரு சிட்டிகை என்ன செய்யும் என்று இப்போது எனக்குத் தெரியும். அந்தப் பெரிய மேசை முழுவதும் கோதுமைப் பொருக்கு. ஆசிரியை என்னை ஏற இறங்கப் பார்த்தார். போன வருடம் வந்தது வேறு ஆளோ என்று நினைத்திருப்பார். தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். என் வாயாலேயே என் பிள்ளையை ஓரத்தில் உட்காரவைத்த நாள் அது.

மாலையில் கதவு திறந்தது. ஷாலினி தட்டைக் கவிழ்த்துக் காட்டினாள். காலி.

"எல்லாம் போச்சா?" என்றேன்.

"எல்லாரும் என் டேபிளுக்கு வந்துட்டாங்கப்பா. மசாலா இருக்குன்னு சொன்னதும் வந்துட்டாங்க."

"நீ எத்தனை சாப்பிட்டே?"

அவள் புத்தகப் பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். "நான் சாப்பிடல. என் கிளாஸ் எமிலி ஒரு கையில அவ வீட்டுப் பையை வச்சுக்கிட்டே இன்னொரு கையால தட்டுல எடுத்தா. பொருக்கு விழுந்துடுச்சு. அதுக்கப்புறம் நான் தொடல. எல்லாத்தையும் அவங்களுக்கே குடுத்துட்டேன்."

எனக்கு ஆத்திரம் வந்தது. இந்த ஊரில் மூலைக்கு மூலை பை விற்கிறான். உலகத்தில் இருக்கிற அத்தனை பையும் அந்தப் பிள்ளைகளுக்கு. என் பிள்ளைக்கு என்று இருந்தது அந்த ஒரு தட்டு. அதிலும் வந்து கை வைக்க வேண்டுமா? நாளைக்கே போய் அந்த ஆசிரியையைக் கேட்கிறேன் என்று ஆரம்பித்தேன். எமிலியின் அம்மாவை, ஆஸ்பத்திரிக்காரியை, அண்ணாச்சியை, எல்லோரையும் சேர்த்துத் திட்டத் தொடங்கினேன்.

ஷாலினி குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். என் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"மாவு மிச்சம் இருக்காப்பா?"

"ஃப்ரிட்ஜுல இருக்கு. ஏன்?"

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. பாக்கெட் எதுவும் வேணாம்" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. புத்தகத்தை விரித்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். "நீங்க செஞ்சு குடுங்க."

நான் கை கழுவப் போனேன்.